தோற்றவர் நடத்திய ஆட்டம்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், வேலூரில் வீடியோ கேசட் கடைகள் இருந்த காலத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, என் வாழ்க்கையில் நான் அதிகம் முறை பார்த்த கேசட் 1992 சம்மர்ஸ்லாம் என்ற மல்யுத்த ஷோ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை என் சர்வீஸ் கடை மேசை முழுக்கக் கிடக்கின்றன. டி.வி. ரிப்பேர், பழைய ரேடியோ பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நான் ஜான் சீனா காலத்தில் மல்யுத்தம் பார்க்க ஆரம்பித்தவன். பழைய ஷோக்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால் எல்லோரும் ஹல்க் ஹோகனைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் சொல்லும் 1992 சம்மர்ஸ்லாமில் ஹோகனே இல்லையே?
– கல்லூரி மாணவர், காட்பாடி

ஆமாம் தம்பி, ஹோகன் இல்லை. அந்த வருடம் ஏப்ரலில் ரெஸில்மேனியா முடிந்ததும் அவர் ஒதுங்கிவிட்டார். அவர் இருந்திருந்தால் கடைசி ஆட்டம் அவருடையதாகத்தான் இருந்திருக்கும். அப்போது நான் சொல்லவரும் ஆட்டம் நடுவில் எங்கோ பத்து நிமிடத்தில் முடிந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

1992 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். வந்த கூட்டம் 80,355 பேர் என்று கம்பெனி அறிவித்தது. இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.தான் அந்தக் கம்பெனி, அப்போது அதற்குப் பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். வருடத்துக்கு நாலே நாலு பெரிய ஷோதான் நடத்துவார்கள்: ராயல் ரம்பிள், ரெஸில்மேனியா, சம்மர்ஸ்லாம், சர்வைவர் சீரிஸ். இப்போது போல மாதாமாதம் கிடையாது. அதனால் ஒரு ஷோவுக்கு மூன்று நான்கு மாதம் கதை கட்டுவார்கள். பார்க்கிறவனுக்கும் பசி இருக்கும்.

திறந்தவெளி ஸ்டேடியம். கேசட்டைப் போட்டதும் கண்ணில் படுவது வெளிச்சம். சாயங்கால வெயில் இன்னும் மிச்சமிருக்கிறது, வந்தவர்கள் முகம் ஒவ்வொன்றும் தெரிகிறது. லீஜன் ஆஃப் டூம் என்ற ஜோடி மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். அண்டர்டேக்கர் பிண ஊர்தியில் ஏறி வருகிறார். கமாலாவோடு அவர் போட்ட ஆட்டம் சுமார்தான், ஆனால் அந்த வருகையை எங்கள் தெருப் பையன்கள் ஒரு வாரம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். ராண்டி சாவேஜுக்கும் அல்டிமேட் வாரியருக்கும் உலகப் பட்டத்துக்கான ஆட்டம். அதில் வாரியர் ஜெயித்தும் பட்டம் கைமாறவில்லை. சாவேஜ் ரிங்குக்கு வெளியே விழுந்து கிடந்து, நடுவர் எண்ணி முடிப்பதற்குள் உள்ளே வரவில்லை. அப்படித் தோற்றால் பட்டம் போகாது, அதுதான் விதி. ரிக் ஃபிளேர் என்ற மல்யுத்தக்காரரும் அவர் கூட்டாளி மிஸ்டர் பெர்ஃபெக்டும் வெளியிலிருந்து செய்த குழப்பம் அது. நல்ல ஆட்டம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

அப்புறம் இருட்டிவிடுகிறது. ஷோ ஓட ஓட வானம் கறுப்பதை நீ பார்க்கலாம். விளக்குகள் ரிங்கின் மேல் மட்டும் விழும் நேரத்துக்குத்தான் அந்த ஆட்டம் வருகிறது. உலகப் பட்டம் முன்னாலேயே முடிந்துவிட்டது. கடைசியாக வைத்தது இரண்டாவது பட்டமான இன்டர்கான்டினென்டலை. பிரெட் ஹார்ட் அதை வைத்திருக்கிறார், எதிரே பிரிட்டிஷ் புல்டாக் என்கிற டேவி பாய் ஸ்மித். வடமேற்கு இங்கிலாந்தில் விகன் பக்கத்தில் இருக்கும் கோல்போர்ன்தான் டேவியின் ஊர். குத்துச்சண்டை வீரர் லெனக்ஸ் லூயிஸ் பிரிட்டிஷ் கொடியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். அந்தச் சத்தத்தை எங்கள் சின்ன ஸ்பீக்கர் தாங்கவில்லை, கிரகிரவென்று அதிர்ந்தது.

பிரெட்டின் தங்கை டயானாதான் டேவியின் மனைவி. அதாவது மச்சானும் மாப்பிள்ளையும் மோதுகிறார்கள், நடுவில் அந்தப் பெண் யார் பக்கம் கை தட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். இதைவிட நம் ஊர்க்காரனுக்குப் புரிகிற கதை ஒன்று உண்டா? எனக்கு அப்போது இங்கிலீஷ் கமென்ட்ரியில் பத்தில் ஒரு வார்த்தைகூடப் புரியாது. இது மட்டும் புரிந்தது.

இருபத்தைந்து நிமிடத்துக்குப் பக்கமாக ஓடும். வேகமாக ஓட்டிவிட்டுப் பார்க்காதே, உட்கார்ந்து பார். ஓர் இடத்தில் இரண்டு பேரும் மோதி மல்லாந்து கிடப்பார்கள். பிரெட் எழுந்திருக்காமலேயே, படுத்தபடியே டேவியின் கால்களைத் தன் காலால் பின்னி, அப்படியே புரட்டி ஷார்ப்ஷூட்டர் பூட்டைப் போடுவார். டேவி கயிற்றைப் பிடிக்கத் தவழ்வார். கடைசியில் பிரெட் மேலிருந்து தாவி அவரை உருட்டிக் கவிழ்க்கப் பார்ப்பார். டேவி அப்படியே உட்கார்ந்து, பிரெட்டின் கால்களைத் தன் கைக்குள் மடக்கிவிடுவார். நடுவர் எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று. பட்டம் டேவிக்கு. ஸ்டேடியமே எழுந்து நின்றது.

இதைத்தான் முதலில் பார் என்கிறேன். ஹோகனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி, என் வீட்டுக்காரரும் மகனும் ஞாயிற்றுக்கிழமையானால் இதை வைத்து வாய்ச்சண்டை போடுகிறார்கள். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம்தானே இது? அதில் பிரமிக்க என்ன இருக்கிறது?
– இல்லத்தரசி, குடியாத்தம்

அக்கா, பேசிவைத்துத்தான் ஆடுகிறார்கள். அதை மறைக்க வேண்டியதே இல்லை. 1989-ல் அந்தக் கம்பெனியே நியூ ஜெர்சி மாநில செனட்டில், இது பொழுதுபோக்கு நிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டி அல்ல என்று சொல்லிவிட்டது. விளையாட்டுக்கு உள்ள அரசுக் கட்டுப்பாடுகளும் வரியும் தங்களுக்கு வேண்டாம் என்பதற்காகச் சொன்னார்கள்.

உங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது படுகளம் பார்த்திருப்பீர்கள். துரியோதனனை மண்ணால் அத்தனை பெரிதாகத் தரையில் படுக்கவைத்திருப்பார்கள். அவன் சாகப்போகிறான் என்று அங்கே வந்திருக்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். போன வருடமும் செத்தான், அதற்கு முந்தின வருடமும் செத்தான். இருந்தும் வெயிலில் நிற்கிறோம். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தை ஓங்கும்போது என் நைனாவுக்கு உடம்பு சிலிர்க்கும், கையைப் பிடித்திருந்த எனக்கு அது தெரியும். முடிவு தெரிந்ததால் அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதைத்தான் அவர் பார்த்தார்.

இப்போது வெம்ப்ளிக்கு வருகிறேன். நான் முப்பது வருடமாக இந்த ஷோவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிரெட் ஹார்ட் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே டேவிக்கு எல்லாமே மறந்துபோய்விட்டது. இரண்டு பேரும் பேசிவைத்த எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. எண்பதாயிரம் பேர், சொந்த நாடு, வாழ்க்கையிலேயே பெரிய ராத்திரி, மனுஷனுக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. அதற்கப்புறம் முழு ஆட்டத்தையும் பிரெட்தான் அவர் காதில் சொல்லிச் சொல்லி நடத்தினார். அடுத்து என்ன, எந்தப் பக்கம், எப்போது எழுந்திருப்பது, எல்லாமே.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கேசட்டை மறுபடி போட்டேன். அதற்கு முன்னால் பல தடவை பார்த்ததுதான். பிரெட் பின்னாலிருந்து டேவியின் கழுத்தை வளைத்துப் பிடித்து வெகுநேரம் கிடக்கும் இடங்கள் உண்டு. சின்ன வயதில் அது எங்களுக்குச் சலிப்பான பகுதி. டேப்பை ஓட்டிவிடச் சொல்லிக் கத்துவோம். மூச்சு வாங்கிக்கொள்ளவும் பேசிக்கொள்ளவும்தான் மல்யுத்தக்காரர்கள் அப்படிப் பிடிப்பார்கள். பிரெட்டின் நனைந்த முடி முகத்தை மூடிக் கிடக்கும். அந்த முடிக்குள்ளேதான் வாய் அசைந்திருக்கிறது.

நம் கூத்தில் வேஷக்காரர் ஒருவர் வசனம் மறந்து நின்றுவிட்டால் கட்டியக்காரன் குறுக்கே புகுந்து ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பான், பின்பாட்டுக்காரர் அடுத்த அடியைப் பாடிவிடுவார். ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வரிக்கு அதைச் செய்வதே பெரிய கைத்திறன். பிரெட் ஓர் ஆட்டம் முழுவதும் செய்தார், அடியும் வாங்கிக்கொண்டே. அவர் தோற்பதாகப் பேச்சு. தன் பட்டத்தை இன்னொருவர் எடுத்துப்போக, அந்த இன்னொருவரையே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். டேவி ஒரு நொடி தவறிய இடத்தில் பிரெட் நின்றிருந்தால் போதும், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் மானம் போயிருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் பொய்ச் சண்டை என்கிறாரா, மகன் நிஜம் என்கிறானா, கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் சரி, இந்த ஒரு ஆட்டத்தை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள் அக்கா.

பே-பெர்-வியூ என்றால் காசு கட்டிப் பார்ப்பது என்கிறார்கள். நாம் யாருக்கும் காசு கட்டியதாக நினைவில்லையே? அந்த ஷோ எப்படி வேலூருக்கு வந்தது?
– பழக்கடைக்காரர், வாணியம்பாடி

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு வீட்டுக்காரர் அந்த ஒரே ஒரு ஷோவுக்காகத் தன் கேபிள் கம்பெனிக்குப் போன் செய்து தனிக் காசு கொடுத்தால்தான் படம் தெளியும். இல்லாவிட்டால் கலங்கலாக ஓடும். அங்கே இந்த ஷோவை ஆகஸ்ட் 31, திங்கட்கிழமைதான் அப்படி ஒளிபரப்பினார்கள். நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. கேபிள்காரருக்கு மாதச் சந்தா, அவ்வளவுதான். ஸ்டார் டிஷ் வந்த புதிதில் மல்யுத்தம் துண்டு துண்டாக வரும், மின்வெட்டு வேறு.

எங்களுக்கு முழு ஷோவும் கிடைத்தது தோல் வியாபாரத்தால். சைதாப்பேட்டையில் என்னோடு படித்த பையனுடைய மாமு தோல் ஏற்றுமதி வேலையாக லண்டன் போய்வருவார். 1993 முழுப்பரீட்சை லீவில் அவர் பெட்டியிலிருந்து வந்தது அந்தக் கேசட். வாடகை வீடியோ டெக் ஒன்று, இருபது இன்ச் டி.வி. ஒன்று, தரையில் பதினோரு பேர். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மாமுவின் அம்மா மண்பானைத் தண்ணீரைச் செம்பில் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. இங்கிலாந்தும் இந்தியாவும் பால் என்ற வீடியோ முறையைப் பின்பற்றின: 625 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்கா என்.டி.எஸ்.சி: 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். அமெரிக்காவில் வாங்கிய கேசட்டை நம் சாதாரண டெக்கில் போட்டால் கலர் போய்விடும், படம் உருண்டுகொண்டே இருக்கும். நியூயார்க்கிலிருந்து வந்த ரெஸில்மேனியா கேசட் ஒன்று ஆம்பூரில் ஒருவர் வீட்டில் பல வருடம் சும்மா கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். லண்டன் கேசட் உள்ளே போனதும் ஓடியது.

அண்ணே, மல்யுத்தக்காரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு ஞாபகம் இருக்கிறதா? புல்டாக் கார்டு யாரும் விரும்பமாட்டார்களே!
– ஆசிரியர், ஆரணி

நான் விரும்பினேன் சார். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று வரிசையாகப் போட்டிருக்கும். உயரத்தைக் கேட்டால் புல்டாக் தோற்றுவிடும், அது உண்மைதான். அந்தக் கேசட்டைப் பார்த்த பிறகு ஓர் அண்டர்டேக்கரைக் கொடுத்து ஒரு புல்டாக்கும் ஒரு பிரெட் ஹார்ட்டும் வாங்கிக்கொண்டேன். இரண்டையும் விளையாட்டில் இறக்கவே இல்லை.

எங்கள் காலத்தில் தாரா சிங், கிங் காங் என்றால் ஊரே பேசும். அவர்களை விடவா உங்கள் ஆட்கள் பெரிது?
– ஓய்வு பெற்ற தபால்காரர், ஆற்காடு

ஐயா, நான் ஒப்பிடமாட்டேன். கிங் காங் ஹங்கேரியிலிருந்து வந்தவர், எமில் சாயா என்பது இயற்பெயர். சிங்கப்பூரில் வாழ்ந்து 1970-ல் அங்கேயே இறந்தார். தாரா சிங்கை என் தலைமுறை அனுமனாகத்தான் முதலில் பார்த்தது, தூர்தர்ஷனில் 1987-ல் தொடங்கிய ராமாயணத்தில். ஞாயிறு காலையில் அவர் திரையில் வந்ததும் நைனா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இவருதான்டா கிங் காங்கோட மோதினவரு” என்பார். ஒவ்வொரு வாரமும் சொல்வார். எனக்குள் மல்யுத்தம் நுழைந்த வாசல் அதுதான்.

என்னிடம் 40 பழைய கேசட்டுகள் இருக்கின்றன, மல்யுத்தம் ஏழெட்டு. திறந்து பார்த்தால் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டெக்கில் போடலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

போடவே போடாதீர்கள். அது பூஞ்சை. ஒரு தடவை ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். பூஞ்சை பிடித்ததை முதலில் தனியாகப் பிரித்து வையுங்கள். வீணானாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய ஒரு பழைய டெக்கில்தான் அதைச் சுத்தம் செய்து ஓட்ட வேண்டும், முகமூடி கட்டிக்கொண்டு. நல்லதாக இருப்பவற்றை முழுக்க ஒரு பக்கம் சுற்றி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் டேப்பைக் கெடுக்கும். அப்புறம் காலம் கடத்தாமல் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். ஓடும் டெக்குகள் வருடா வருடம் குறைகின்றன. பழுதான ஹெட் டிரம்முக்கு மாற்று இன்னொரு செத்த டெக்கிலிருந்துதான் எடுக்கிறேன்.

அந்த இரண்டு பேரும் அப்புறம் என்ன ஆனார்கள்? பகையா, உறவா?
– செவிலியர், வேலூர்

பட்டத்தை இழந்த பிரெட் அதே 1992 அக்டோபர் 12-ல், கனடாவில் சாஸ்கட்டூன் நகரில், ரிக் ஃபிளேரை வென்று உலகப் பட்டத்தையே பிடித்தார். வெம்ப்ளியில் அவர் செய்ததைக் கம்பெனிக்காரர்கள் பார்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம். டேவி தன் பட்டத்தைச் சில மாதங்கள்கூட வைத்திருக்கவில்லை, ஷான் மைக்கேல்ஸ் எடுத்துக்கொண்டார். 1995 டிசம்பரில் இரண்டு பேரும் மறுபடி மோதினார்கள், உலகப் பட்டத்துக்காக. அதில் பிரெட் ஜெயித்தார். ரத்தம் கொட்டிய ஆட்டம். தொழில் நுணுக்கத்தில் அதுதான் உசத்தி என்பவர்கள் உண்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

1997 நவம்பரில் மான்ட்ரியலில் பிரெட்டிடம் சொல்லாமலே முடிவை மாற்றி அவரைத் தோற்கடித்தார்கள். பேசிவைத்ததை மீறுவது அந்தத் தொழிலில் எத்தனை பெரிய துரோகம் என்று வெம்ப்ளி ஆட்டத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். பிரெட் கம்பெனியை விட்டுப் போனார். டேவியும் வெளியே வந்து அவர் பின்னாலேயே போட்டிக் கம்பெனிக்குப் போனார்.

அதற்கப்புறம் அந்தக் குடும்பத்துக்கு நல்ல காலம் இல்லை அம்மா. பிரெட்டின் தம்பி ஓவன் 1999 மே 23-ல் கான்சஸ் சிட்டியில், கூரையிலிருந்து ரிங்குக்கு இறங்கும் ஏற்பாடு தவறி விழுந்து இறந்தார். அதுவும் ஒரு பே-பெர்-வியூ ஷோதான். டேவி 2002 மே 18-ல் போய்விட்டார். வயது 39. அடுத்த மாதமே பிரெட்டுக்குப் பக்கவாதம் வந்தது. நீங்கள் செவிலியர், அதிலிருந்து எழுந்து நடப்பது என்ன பாடு என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அவர் மீண்டு வந்தார். பழைய வெம்ப்ளியையும் அதே காலத்தில் இடித்துவிட்டார்கள், இரட்டைக் கோபுரத்தோடு. இப்போது இருப்பது 2007-ல் திறந்தது.

பகையா உறவா என்று கேட்டீர்கள். ஆட்டம் முடிந்ததும் டேவி கையை நீட்டுவார். பிரெட் உடனே கொடுக்கமாட்டார், தலையைக் குனிந்துகொண்டு விலகப் பார்ப்பார். அப்புறம் திரும்பி வந்து கட்டிக்கொள்வார். டயானா ரிங்குக்குள் ஏறி வந்து இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கேசட் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மாமு வீட்டைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனார். மற்ற இடமெல்லாம் படம் இன்னும் பளிச்சென்று வருகிறது. அந்தக் கட்டிப்பிடிக்கிற இடத்தில் மட்டும் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். பதினோரு பையன்கள் திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்டுப் பார்த்துத் தேய்ந்த இடம் அது.